முற்றத்து மணல் குடித்த ஆயில்

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் ரோடு முடிகிற இடத்தில் தூணைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. போகிற வண்டியெல்லாம் அதைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். போன வருஷம் ஆடி அமாவாசைக்கு மறுநாள், மதுரையிலிருந்து வந்திருந்த நாத்தனார் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அங்கே போயிருந்தேன். திரும்பும்போது, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்த அந்த நேரத்தில், டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. எண்ணெய்க் குடுவை, அதன் மூக்கில் ஒரு சொட்டு. அந்தப் படம்தான்.

"மதினி, என்னமோ எரிஞ்சுச்சு" என்றாள் நாத்தனார்.

"அணைஞ்சிருச்சே, ஒண்ணுமில்ல" என்றேன்.

மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று மணலை அள்ளி ரோட்டின் குறுக்கே இழைத்துக்கொண்டிருந்தது. பழைய தனுஷ்கோடி சர்ச் இடிபாட்டைத் தாண்டி, முகுந்தராயர் சத்திரம் வரைக்கும் விளக்கு எரியவில்லை. அப்புறம் எரிந்தது. இந்த முறை அணையவே இல்லை. வண்டியில் ஐந்து பேர், அதில் ஒன்று கைக்குழந்தை. வெளியே உச்சி வெயில், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ராமேஸ்வரம் பக்கம்தானே, போய் ஒரு லிட்டர் ஆயில் வாங்கி ஊற்றிவிடலாம் என்று ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். கோதண்டராமர் கோயில் பிரிவுக்கு வரும்போது காலடியில் டொக் டொக் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சத்தமும் கூடியது. அப்போதுதான் நிறுத்தினேன்.

விளக்கு எரிந்தவுடன் நிறுத்தி இன்ஜினை அணைத்திருந்தால் ஒரு டோயிங் செலவோடு போயிருக்கும். ஓட்டிய அந்த இரண்டு கிலோமீட்டருக்கு 38,000 ரூபாய் ஆனது. தெரிந்தவர்கள் பலரும் அந்த விளக்கை "ஆயில் ஊற்று" என்று சொல்லும் விளக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் முள் கீழே வந்தால் பங்க்கைத் தேடுகிற மாதிரி இதற்கும் கொஞ்ச தூரம் போகலாம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டியைக் கட்டி இழுத்து பாம்பனுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவரைப் பிடிக்க முடியாது, விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். மற்ற மாதங்களில் கார் பார்ப்பார். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் படுத்தவர், "டீச்சர், இங்க வந்து பாருங்க" என்றார். துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

இன்ஜினுக்கு அடியில் ஒரு தகரத் தொட்டி இருக்கிறது. சம்ப் என்பார்கள், சேம்பர் என்றும் சொல்வார்கள். மொத்த ஆயிலும் அதில்தான் தேங்கி நிற்கும். என் வண்டியின் சம்ப் கறுப்பாக இருக்க வேண்டியது, செம்மண் நிறத்தில் இருந்தது. அண்ணன் ஸ்குரூடிரைவர் முனையால் லேசாகச் சுரண்டினார். துரு அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. பின்பக்கத்து மூலையில் ஒரு இடத்தில் முனையை வைத்து விரலால் தள்ளினார், அவ்வளவுதான். முனை உள்ளே போய்விட்டது. அதற்குப் பக்கத்திலேயே ஊசித் துளை மாதிரி ஒன்று ஏற்கெனவே இருந்தது, அதன் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

மூன்றரை லிட்டர் பிடிக்கிற இன்ஜின். வடித்துப் பார்த்தால் ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை.

"வீட்ல வண்டி நிக்கிற எடத்துல கறை எதுவும் பாக்கலையா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். முற்றம் முழுக்கக் கடல் மணல். சிமெண்டுத் தரையாக இருந்தால் முதல் நாளே கறுப்பு வட்டம் தெரிந்திருக்கும். மணல் ஒவ்வொரு சொட்டையும் குடித்துவிட்டு மேலே காய்ந்து வெள்ளையாகவே இருந்திருக்கிறது. எத்தனை மாதம் இப்படி ஒழுகியதோ. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மண்வெட்டியால் கிளறிப் பார்த்தேன், நான்கு விரல் ஆழத்தில் கறுப்பு. எங்கள் கிணறு அங்கிருந்து பத்தடி. தங்கச்சிமடத்துக் கிணற்றுத் தண்ணீரின் அருமை இந்தத் தீவில் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த மணலை முழுசாக அள்ளிச் சாக்கில் கட்டும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

துரு எப்படி வந்தது என்பது எனக்கு ஆச்சரியம் இல்லை, நான் அறிவியல் டீச்சர். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். சமையலறை உப்பு ஜாடியில் பார்க்கிறோமே, அதேதான். எங்கள் ஊரில் ராத்திரியில் காற்றில் ஈரம் இல்லாத நாள் எது? தனுஷ்கோடி ரோட்டில் தெறிக்கிற கல் சம்ப்பின் பெயிண்டைப் பெயர்க்கும். அந்த இடத்தில் உப்பு மணல் ஒட்டும். அப்புறம் மழையே இல்லாவிட்டாலும் அந்த இரும்பு ராத்திரியெல்லாம் நனைந்தே இருக்கும். உள்பக்கம் ஆயில் பட்டுக்கொண்டே இருப்பதால் பளபளவென்று இருக்கும். வெளிப்பக்கம் இருந்து அரித்துக்கொண்டு வரும். மீன் ஏற்றிப் போகிற வண்டியில் இருந்து ரோட்டில் வழிகிற தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

சம்ப்பின் அடியில் ஒரு சல்லடை வாய் முங்கிக் கிடக்கும். ஆயில் பம்ப் அதன் வழியாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் தள்ளி, அங்கிருந்து இன்ஜின் பிளாக்குக்குள் குடைந்த ஒரு பெரிய வாய்க்காலுக்கு அனுப்பும். வாய்க்காலில் இருந்து மடை மடையாகப் பிரிந்து பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கு ஒரு கிளை, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு ஒரு கிளை. டர்போ உள்ள வண்டி என்றால் அதற்கும் ஒரு கிளை. வேலை முடிந்த ஆயில் எல்லாம் வழிந்து திரும்பவும் சம்ப்புக்கே வரும். அரிச்சல்முனை வட்டத்தில் நடந்தது இதுதான்: ஆயில் குறைவாக இருந்ததால், வண்டி வளைந்து திரும்பியபோது இருந்த கொஞ்சமும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. சல்லடை வாய் ஒரு நொடி காற்றைக் குடித்தது. அழுத்தம் விழுந்தது, விளக்கு மினுக்கியது. நேர் ரோட்டுக்கு வந்ததும் ஆயில் திரும்ப வந்து மூடிக்கொண்டது.

அதாவது அந்த விளக்கு அளவைப் பார்த்து எரிவதில்லை. அழுத்தத்தைப் பார்த்து எரிகிறது. அதுவும் பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே போன பிறகுதான். ஓட்டத்தில் சாதாரணமாக மூன்று நான்கு பார் இருக்க வேண்டிய இடம் அது. சம்ப்பில் பாதி ஆயில் போயிருந்தாலும் பம்ப்புக்கு உறிஞ்சக் கிடைக்கிற வரைக்கும் விளக்கு வாயைத் திறக்காது.

அண்ணன் இன்ஜினை இறக்கி, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைக் கழற்றி, ஒரு பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். அரைவட்டமாக வளைத்த சின்னத் தகடு. இப்படி இரண்டு சேர்ந்து கிராங்க்கைக் கவ்விப் பிடித்திருக்கும். பக்கத்தில் புதுசு ஒன்றையும் வைத்தார். புதுசில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. என்னுடையதில் உழுத வயல் மாதிரி கோடுகள். நகத்தை வைத்து இழுத்தால் கரகரவென்று தட்டியது. ஓரத்தில் மேல்பூச்சு தேய்ந்து அடித்தகட்டின் நிறம் தெரிந்தது.

"இந்தத் தகடும் கிராங்க்கும் ஒண்ணோடொண்ணு தொடவே கூடாது டீச்சர். நடுவுல ஆயில்தான் தாங்குது" என்றார்.

இதை நான் பாடம் நடத்துகிறேன். எட்டாம் வகுப்பில் உராய்வு, பாகுநிலை இரண்டும் வருகிறது. தேனையும் தண்ணீரையும் தட்டில் ஊற்றிச் சாய்த்துக் காட்டி, எது மெதுவாக ஓடுகிறது பார் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தலைமுடிக் கனத்தைவிடச் சின்ன இடைவெளியில், சுழல்கிற கிராங்க் ஆயிலைத் தானே ஆப்பு மாதிரி இழுத்துத் தனக்கு அடியில் செருகிக்கொண்டு அதன் மேல் மிதக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கையில் வைத்துப் புரிந்துகொண்டேன். ஆயில் வருவது நின்றால் மிதப்பது நிற்கும், இரும்பு உரசும். அப்படி உரசித் தேய்ந்த பேரிங்தான் காலடியில் டொக் டொக் என்று தட்டியது. கிராங்க்கை மதுரைக்கு அனுப்பி கிரைண்டிங் போட்டு, கடைந்து மெலிந்த அதற்குப் பொருந்துகிற 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் வாங்கி, புது சம்ப், புது பம்ப் எல்லாம் மாட்டி முடிக்கப் பதினெட்டு நாள் ஆனது.

அந்தப் பதினெட்டு நாளும் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். கடலுக்குப் போகிற நாளில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் முதல் வேலை, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பது. துணியால் துடைத்து, திரும்பச் செருகி, உருவி, வெளிச்சத்தில் பிடிப்பார். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார், மூக்கில் வைப்பார். சின்ன வயதில் ஒரு நாள், தினமும் எதுக்குப்பா என்று கேட்டேன். "கடலுக்குள்ள போனப்புறம் கடை இருக்காது ஆத்தா. இங்கேயே பாத்துட்டுத்தான் போகணும்" என்றார். முகுந்தராயர் சத்திரத்திலும் கடை இல்லை.

அவர் தேய்த்தது, மோந்தது எல்லாம் என்ன என்று இப்போது தெரிகிறது. விரலில் நறநறவென்றால் மணலோ உலோகத் தூளோ சேர்ந்திருக்கிறது. வெயிலில் பிடித்தால் மினுமினுவென்று பொடி தெரிந்தால் பேரிங் கரைகிறது என்று அர்த்தம். பெட்ரோல், டீசல் வாடை அடித்தால் எரியாத எரிபொருள் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. அப்படிக் கலந்தால் அளவு குறையாது, கூடும். கம்பியில் ஆயில் தானாக ஏறியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றி ஒரு வாரத்திலேயே கறுத்துவிடும், கரியை அள்ளித் தனக்குள் வைத்துக்கொள்வது அதன் வேலை.

வண்டி திரும்பி வந்து இரண்டு மாதத்தில் இன்னொரு பயம் வந்தது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு நுரை ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, ரேடியேட்டர் தண்ணீரை ஆயிலோடு சேரவிடாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் அண்ணனுக்குப் போன் போட்டேன். மூன்று கேள்வி கேட்டார். ரேடியேட்டர் தண்ணி கொறையுதா? இல்லை. கம்பியில வர்ற ஆயிலும் பால் மாதிரி இருக்கா? இல்லை, அது தெளிவாக இருக்கிறது. தினம் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?

பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். போக நான்கு, வர நான்கு. அதுதான் காரணம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். நான்கு கிலோமீட்டரில் ஆயில் சூடேறுவதற்குள் நான் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். ஈரம் மூடியில் போய்க் குளிர்ந்து, ஆயிலோடு கடைந்து வெண்ணெயாகிறது. இப்போது மாதம் இரண்டு தடவையாவது ராமநாதபுரம் வரை ஒரே ஓட்டமாகப் போய்வருகிறேன், நுரை இல்லை. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து, கம்பியிலும் பால் நிறம் தெரிந்தால் கதை வேறு. அப்போது வண்டியைக் கிளப்பவே கூடாது.

சின்ன தூரம் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நான் வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை, பத்தாயிரத்துக்குத்தானே ஆயில் மாற்றணும் என்று இரண்டு வருஷம் விட்டிருக்கிறேன். கையேட்டைப் படித்தால் கிலோமீட்டர் அல்லது மாதம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கிறது. குறுந்தூர ஓட்டம், தூசி நிறைந்த இடம் என்றால் இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்கிறது. நான் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். ஃபில்டரோடு சேர்த்து. கச்சான் காலம் முடிந்ததும் ஏர் ஃபில்டரையும் தட்டிப் பார்க்கிறேன், அது கிழிந்திருந்தால் மணல் நேராக சிலிண்டருக்குள் போய் ஆயிலில் சேரும்.

எந்த ஆயில் என்பதில் ஊரில் ஆளுக்கொரு கருத்து. "நம்ம வெயிலுக்குக் கெட்டியா ஊத்துங்க, 20டபிள்யூ-40 ஊத்துங்க" என்று எனக்கும் பலர் சொன்னார்கள். என் வண்டிக் கையேட்டில் 5டபிள்யூ-30 என்றுதான் இருக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. ராமேஸ்வரத்தில் ஏது குளிர் என்று கேட்கலாம். இன்ஜின் ஓடும்போது ஆயிலுக்கு 100 டிகிரி சூடு. அதோடு ஒப்பிட்டால் விடியற்காலை 27 டிகிரியே அதற்குக் குளிர்தான். அந்த நேரத்தில் எந்த ஆயிலும் பல மடங்கு கெட்டியாக இருக்கும். 20டபிள்யூ-40 இன்னும் கெட்டி. தேய்மானம் அதிகம் நடப்பது ஸ்டார்ட் செய்கிற அந்தச் சில நொடிகளில்தான், ஆயில் மேலே ஏறி வருவதற்குள். புது இன்ஜின்களின் இடைவெளிகள் இளகின ஆயிலுக்குத் தகுந்தபடி செய்தவை. பழைய காலத்து இன்ஜினுக்கு 20டபிள்யூ-40 என்று கையேடே சொன்னால் அதையே ஊற்றலாம். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று ஊற்றக் கூடாது. டப்பாவில் ஏ.பி.ஐ. என்ற தரக் குறியீட்டைப் போட்டு அடுத்து எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. கார் ஆயிலை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்ற வேண்டாம், அங்கே கிளச்சும் அதே ஆயிலில் முங்கி ஓடுகிறது, வழுக்கும்.

ஒரு தடவை அவசரத்துக்கு வேறொரு இடத்தில் ஆயில் மாற்றினேன். எந்த இடம் என்று சொல்லவில்லை. கம்பியில் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நின்றது. "கூட இருந்தா நல்லதுதானே" என்றார் ஊற்றிய தம்பி. நல்லதில்லை. கிராங்க் சுழலும்போது ஆயிலில் போய் அடித்து மோர் கடைகிற மாதிரி நுரையாக்கிவிடும். நுரையை பம்ப் தள்ளினால் பேரிங்குக்குப் போவது பாதி காற்று. அங்கேயே நின்று கூடுதலை வடிக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சைலன்சரில் வருகிற புகையின் நிறத்தைப் பற்றி எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் கிளப்பும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். சீல் என்றால் செலவு குறைவு.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், கிளப்புவதற்கு முன்னால், சமதரையில் நிறுத்திய வண்டியில் கம்பியை உருவிப் பார்க்கிறேன். துடைத்துச் செருகி இரண்டாவது தடவை உருவுவதுதான் கணக்கு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் ஒரு லிட்டர் வித்தியாசம். ராத்திரியில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்து வைக்கிறேன், ஒரு சொட்டு விழுந்தாலும் காலையில் அது சொல்லிவிடும். தனுஷ்கோடி போய்வந்தால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். புது சம்ப்புக்கு அண்ணன் துரு தடுக்கும் பெயிண்ட் இரண்டு கை அடித்துக் கொடுத்தார். பழைய ஆயிலை அடியில் பூசினால் துரு பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். அது மழையில் கழுவிக்கொண்டு எங்கே போகும்? இங்கே தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவு, பவளப்பாறை. நான் வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுகிறேன், பழைய ஆயில் எடுப்பவர்கள் அவரிடம் வருகிறார்கள்.

தேய்ந்த அந்தப் பேரிங் தகடுகள் இரண்டையும் அண்ணனிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இந்த வருஷம் உராய்வுப் பாடம் வந்தபோது தேன், தண்ணீரோடு அவற்றையும் எடுத்துப் போனேன். புதுசு ஒன்றும் கூட வாங்கிக்கொண்டேன். கை மாறி மாறி வரிசையில் போனது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் வாங்கியவுடன் நகத்தை வைத்துக் கோட்டில் இழுத்துப் பார்த்தான்.

"ஆயில் இல்லாம ஓட்டிருக்காங்க டீச்சர்" என்றான். அவன் அப்பா விசைப்படகு டிரைவர்.

"ஆமா, நான்தான் ஓட்டினேன்" என்றேன். எவ்வளவு தூரம் என்று கேட்டான். சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.